பந்தியில் யார் இல்லை?

(கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரங்களில், சபைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம்முடைய பண்டிகைகளைத் தேவனுக்கு மகிமையாகக் கொண்டாடுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்பது உங்களுக்கு மனப்பாடம். கேக் வேண்டாம், நட்சத்திரம் வேண்டாம், கிறிஸ்மஸ் தாத்தா வேண்டவே வேண்டாம், புதுத்துணிக் காசை ஊழியத்துக்குக் கொடுங்கள். நீங்களும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுப்பீர்கள். நான் உங்கள் அடுப்பை அணைக்க வரவில்லை. வேதாகமத்தில் பண்டிகைச் சட்டங்கள் வருகிற இடங்களை இந்த மாதம் முழுக்க உட்கார்ந்து வாசித்தேன். பலகாரத்தைப் பற்றி ஆண்டவர் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. யாருக்கு இலை போடப்பட்டது, யாருக்குப் போடப்படவில்லை என்பதைத்தான் அவர் பார்க்கிறார்.

உபாகமம் பதினாறாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாரங்களின் பண்டிகையையும் கூடாரப் பண்டிகையையும் எப்படி ஆசரிப்பது என்று மோசே சொல்கிறார். நீ சந்தோஷமாயிரு என்பதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் ஒரு பட்டியல் போடுகிறார். நீ, உன் மகன், உன் மகள், உன் வேலைக்காரன், உன் வேலைக்காரி, நிலமில்லாத லேவியன், வெளியூரிலிருந்து பிழைக்க வந்த பரதேசி, தகப்பனில்லாத பிள்ளை, விதவை. இரண்டு பண்டிகைக்கும் இதே பட்டியல். ஒருமுறை சொன்னால் மறந்துவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதில் மகனும் மகளும் மட்டும்தான் யாரும் சொல்லாமலே நாம் நினைவில் வைத்திருக்கிறவர்கள். மற்ற எல்லாரையும் யாராவது நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

லேவியராகமம் இருபத்துமூன்று முழுவதும் பண்டிகை நாள்காட்டி. பஸ்கா, புளிப்பில்லாத அப்பம், முதற்கதிர், ஐம்பதாம் நாள் என்று வரிசையாகத் தேதிகள் போகும். நடுவில் இருபத்திரண்டாம் வசனத்தில் வயல் பேச்சு வந்துவிடும். அறுக்கும்போது ஓரத்துக் கதிரை அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் என்று சொல்லிவிட்டு, எதுவும் நடக்காததுபோல எக்காளப் பண்டிகைக்குப் போய்விடும். இடம் மாறி வந்துவிட்ட வசனமோ என்றுகூட முதலில் தோன்றும். பலி, காணிக்கை, ஓய்வு எல்லாவற்றையும் சொல்லி முடித்த கையோடு, வயலோரத்துக் கதிரையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பண்டிகையின் சட்டம் முடிகிறது என்பது என் புரிதல்.

சந்தோஷத்தைக் குறைத்தால் பக்தி கூடும் என்று நினைக்கிறவர்களுக்கு நெகேமியா எட்டாம் அதிகாரம் நல்ல மருந்து. தண்ணீர் வாசலுக்கு முன்னால் ஜனங்கள் கூடியிருக்கிறார்கள். எஸ்றா நியாயப்பிரமாணத்தை வாசிக்க வாசிக்கக் கேட்டு அழுகிறார்கள். நம் கன்வென்ஷன் பந்தலாக இருந்தால், நல்ல எழுப்புதல் என்று இன்னும் கொஞ்சம் அழ விட்டிருப்போம். அங்கே தலைவர்கள் அழுகையை நிறுத்தச் சொல்கிறார்கள். போய்க் கொழுமையானதைச் சாப்பிடுங்கள், மதுரமானதைக் குடியுங்கள், தங்களுக்கென்று ஒன்றும் ஆயத்தம் பண்ணாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்கிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் அச்சுமுறுக்கையும் அதிரசத்தையும் தட்டில் அடுக்கித் துணி மூடிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புகிறார்களே, அதற்கு வேதத்தில் இதைவிட நேரான ஆதாரம் தேவையில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாம் அனுப்புகிற தட்டு பெரும்பாலும் தீபாவளிக்கு நமக்குத் தட்டு அனுப்பியவர் வீட்டுக்குத்தான் போகிறது. அது நல்ல அயலுறவு, விட்டுவிடாதீர்கள். நெகேமியா சொன்னது திருப்பி அனுப்ப வழியில்லாத வீடு.

பண்டிகையே வேண்டாம் என்று சொல்லும் சபையார் நம் நடுவிலும் உண்டு. பிரதரன் சபைகள் பலவற்றில் கிறிஸ்மஸ் கொண்டாடுவதில்லை. டிசம்பர் 25 என்ற தேதி வேதத்தில் இல்லை என்று அவர்கள் சொல்வது உண்மை. கி.பி. 336-ல் ரோமாபுரியில் அந்த நாளை ஆசரித்ததற்கு 354-ஆம் ஆண்டுத் தொகுப்பொன்றில் சான்று இருக்கிறது. அதற்கு முன்னே போக நமக்குத் தெளிவான தடம் கிடையாது. பண்டிகையே வேண்டாம் என்ற எண்ணத்தைச் சட்டமாகவே போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. 1647-ல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்மஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே மூன்றையும் ஒழித்தது. கடல் தாண்டி மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை, கிறிஸ்மஸ் கொண்டாடிப் பிடிபட்டால் ஐந்து ஷில்லிங் அபராதம். ஸ்காட்லாந்தில் கிறிஸ்மஸ் பொது விடுமுறை நாளானது 1958-ல்தான்.

இந்தக் கதையில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒரு சின்ன விஷயம். பண்டிகைகளை ஒழித்த அதே பாராளுமன்றம், வேலைக்காரர்களுக்கும் தொழில் பழகும் பையன்களுக்கும் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையை விடுமுறையாக ஒதுக்கவேண்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமையைத் தவிர அந்த ஏழைகளுக்கு ஓய்வு கிடைத்ததே பண்டிகை நாட்களில்தான். எஜமானுக்கு எந்த நாளும் ஓய்வு நாளாகலாம். வேலைக்காரனுக்கு அப்படியில்லை. பண்டிகையை எடுத்தபோது முதலில் பறிபோனது மோசேயின் பட்டியலில் இருந்த அந்த வேலைக்காரனுடைய பங்கு. பண்டிகை ஆசரிக்காத சகோதரர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நாளை விசேஷிக்கிறவனும் விசேஷிக்காதவனும் கர்த்தருக்கென்றே அப்படிச் செய்யலாம் என்று பவுல் ரோமாபுரியாருக்கு எழுதி முடித்துவிட்டார். நாளை எடுத்துவிட்டால் மட்டும் தேவன் கனமடைந்துவிடுவார் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆமோஸைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும். தெக்கோவாவின் மேய்ப்பன், பெத்தேலுக்குப் போய், உங்கள் பண்டிகைகளைத் தேவன் வெறுக்கிறார் என்று சொன்னார். அங்கிருந்த ஆசாரியன் அமத்சியா, இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம், நீ உன் ஊருக்குப் போ என்று துரத்தினான். கமிட்டிக்குப் பிடிக்காததைப் பேசிய உபதேசியாருக்கு என்ன நடக்கும் என்பது அன்றைக்கும் அப்படித்தான்.

கொரிந்து சபைக்கு வருவோம். ஏறக்குறைய கி.பி. 55-ல் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தை நாம் மாதாமாதம் நற்கருணை ஆராதனையில் கேட்கிறோம். கேட்பது இருபத்துமூன்றாம் வசனத்திலிருந்து. அதற்கு மேலே இருக்கிற ஆறேழு வசனங்களை நாம் தொடுவதில்லை. அதில்தான் சண்டை இருக்கிறது. அந்தக் காலத்தில் கோயில் கட்டடம் கிடையாது. வசதியுள்ள ஒருவருடைய வீட்டில் கூடுவார்கள். அப்படிப்பட்ட வீட்டின் சாப்பாட்டு அறையில் சாய்ந்துகொண்டு சாப்பிட ஒன்பது பத்துப் பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் முற்றத்தில். அறைக்குள் யார், முற்றத்தில் யார் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? வசதியுள்ளவர்கள் நேரத்தோடே வந்து சாப்பிடத் தொடங்கிவிடுவார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனும், எஜமான் விட்டால்தான் வர முடிகிற அடிமையும் இருட்டிய பிறகு வந்து சேர்வார்கள். அதற்குள் சட்டி காலி. உள்ளே ஒருவனுக்கு வெறி, வெளியே ஒருவனுக்குப் பசி. பவுல் இதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் ஒழுங்கு தேவை என்று எழுதவில்லை. நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே இல்லை என்று எழுதினார். அப்பம் இருந்தது, பாத்திரம் இருந்தது, ஜெபமும் இருந்திருக்கும். பந்தி பிரிந்ததால் அத்தனையும் செல்லாமல் போயிற்று. அந்த அதிகாரத்தின் கடைசியில் அவர் சொல்லும் தீர்வு எவ்வளவு எளியது பாருங்கள்: சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

நம் மாவட்டத்துக் கதை கொரிந்துக்குக் குறைந்ததில்லை. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவிலைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். 1870-களில் எழுந்த அந்தக் கோவிலின் அமைப்பே இரண்டாகப் பிரிந்திருந்தது. பீடம் ஒன்று, அதை நோக்கி இரண்டு தனிக்கூடங்கள், ஒரு சாதியார் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம், நடுவில் சுவர். பூசையை இரண்டு பக்கத்தாரும் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. 1910-ல் அந்தச் சுவரை இடித்தார்கள். வழக்கு, அடிதடி எல்லாம் நடந்தது. கத்தோலிக்கர் சங்கதிதானே என்று நாம் சாய்ந்து உட்கார வேண்டாம். கல்கத்தா அத்தியட்சர் டானியேல் வில்சன், சாதி வேற்றுமையைச் சபையிலிருந்து உடனே, முற்றிலுமாக நீக்க வேண்டும் என்று 1833-ல் சுற்றறிக்கை அனுப்பினார். அதை எதிர்த்து நின்றவர்களில் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். நம் பண்டிகைகளுக்குத் தமிழில் ஒரு குரல் கொடுத்தவர். அவருடைய பாட்டை நான் விடப்போவதில்லை. ஆனாலும் அந்தப் பாட்டைப் பாடியவர் பந்தி விஷயத்தில் எந்தப் பக்கம் நின்றார் என்பதையும் மறைக்க மாட்டேன்.

பழைய கதை என்பீர்கள். விழுப்புரம் பக்கத்து எறையூரில் ஒரே கோவிலைச் சேர்ந்த கிறிஸ்தவர்களுக்குள் சாதிச் சண்டை மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தது 2008 மார்ச்சில். அந்த மாதம் லெந்து நாட்கள் நடந்துகொண்டிருந்தன.

இப்போது நம் கேரல் ரவுண்ட்ஸ். வாலிபர் சங்கத் தம்பிமார் முகத்தில் ஒரு கலக்கம் தெரிகிறது. பயப்படாதீர்கள், நான் நிறுத்தச் சொல்லமாட்டேன். குளிரில் தொண்டை கட்டப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவதைப்போல நல்ல காரியம் வாலிபத்தில் குறைவு. நான் கேட்பது தெரு வரிசையைப் பற்றி. லாரி எந்தத் தெருவில் முதலில் நிற்கிறது? எந்த வீட்டில் மூன்று பாட்டு, எந்த வீட்டில் ஒரு பாட்டின் பாதி? காணிக்கைக் கவர் கனமாயிருக்கும் வீட்டில் காபி, கேக், ஜெபம் என்று அரைமணி போகிறது. கடைசியில் காலனித் தெரு வருகிறபோது விடியப் போகிறது என்று சொல்லி, வண்டி நிற்காமலே கைகாட்டிப் போகிறோம். அந்தத் தெருவில் ஒரு பாட்டி, பேரப்பிள்ளைகளைத் தூங்கவிடாமல் வாசலில் உட்கார வைத்திருப்பாள். இந்த வருஷம் வரிசையைத் தலைகீழாக்குங்கள். கடைசித் தெருவிலிருந்து தொடங்குங்கள். பங்களா வீட்டுக்காரர் காத்திருப்பார். அவருக்கு ஏசி உண்டு, தூக்கம் கெடாது.

அறுப்பின் பண்டிகை ஏலம் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பண்டிகையின் இன்றைய வடிவம் 1843-ல் கார்ன்வாலில் மோர்வென்ஸ்டோ என்ற கடலோர ஊரின் குரு ராபர்ட் ஹாக்கர் தொடங்கியது. ஆனால் முதற்பலனைச் சாமிக்குக் கொண்டுபோவது நம் மண்ணுக்குப் புதிதில்லை; அதனால்தான் இங்கே இவ்வளவு ஆழமாக வேர்பிடித்தது. வாழைத்தார், பூசணிக்காய், கருப்பட்டி, நாட்டுக்கோழி, கிடா என்று கோயில் வளாகமே சந்தையாகிவிடும். ஏலத்தில் ஒரு முட்டை ஐந்நூறு ரூபாய்க்குப் போகும்போது கைதட்டிச் சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். அந்த முட்டையைக் கொண்டுவந்த அம்மாளுக்கு, தன் காணிக்கை இத்தனை பேர் முன்னால் ஏறிக்கொண்டே போவதைப் பார்ப்பது ஒரு பெருமை. ஆனால் இரண்டு அண்ணாச்சிமார், பஞ்சாயத்துத் தேர்தல் பகையை மனதில் வைத்துக்கொண்டு ஒரு சுரைக்காயைப் பத்தாயிரத்துக்கு ஏற்றுகிறபோது அந்த அம்மாள் கூட்டத்தில் எங்கோ காணாமல் போய்விடுகிறாள். அங்கே ஐயர் மணியை அடித்து, போதும், அடுத்த பொருள் என்று சொல்லிவிடலாம். சொன்னால் சபை நிதிக்கு நஷ்டம். அந்த நஷ்டத்தைத் தாங்கலாம்.

அசனத்தைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தைதான் இருக்கிறது. ஊரெல்லாம் கூடி, அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவது. கொண்டுவந்த தூக்குவாளியில் வீட்டுக்கும் வாங்கிப்போவது. மற்ற சமயத்தாரும் கூச்சமில்லாமல் வந்து உட்காருவது. மோசேயின் பட்டியலுக்கு நாம் வந்த மிக நெருங்கிய இடம் இதுதான் என்று சொல்வேன். அதில் ஒரு ஓட்டை விழுந்து வருகிறது. ஐயர் பங்களாவில் விருந்தினருக்கென்று தனிப் பந்தி; அங்கே பொரித்த கோழி, பாட்டில் தண்ணீர்; வெளியே சாம்பார் தண்ணீராகிக்கொண்டிருக்கும். சீரியல் செட் போட்ட பையன், ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றுகொண்டே கடைசியில் சாப்பிடுவான். பவனிக்கு மேளம் அடித்தவர்களுக்குப் பொட்டலம். விருந்து வைக்கும்போது திருப்பிக் கூப்பிட முடிகிறவர்களைக் கூப்பிடாதே என்று லூக்கா பதினான்கில் இயேசு சொல்வது எந்த வீட்டில் என்று பாருங்கள். ஒரு பரிசேயத் தலைவரின் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து, விருந்து வைத்தவரிடமே சொல்கிறார். நாமாயிருந்தால் சாப்பிட்ட பிறகு வாசலில் வந்து சொல்லியிருப்போம்.

ஒலிபெருக்கிக்கு வந்தால், நமக்கென்று ஒரு தீர்ப்பே உண்டு. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் கே.கே.ஆர். நகரில் இருந்த ஒரு சபைக்கும் அங்கே குடியிருந்தவர்களுக்கும் நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கி வைத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்பது அதன் சாரம். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது அதே ஆண்டில் வந்த விதி. மற்றவர்கள் மீறுகிறார்களே என்று கேட்பீர்கள். மீறட்டும். சுற்றியிருக்கும் வீடுகளில் காய்ச்சல்காரர், கைக்குழந்தைக்காரி, விடிகாலை டவுன் பஸ்ஸுக்குப் போகிறவர் எல்லாரும் நம் பண்டிகைக்கு அழைக்கப்படாமலே அகப்பட்டுக்கொண்ட பரதேசிகள். உள்ளே கேட்கிற அளவுக்குப் பாடினால் போதும். ஆண்டவருக்குச் செவி மந்தமில்லை.

பந்திக்கு வராத இன்னொரு கூட்டம் உண்டு. சாவு விழுந்த வீடு. நம் பக்கம் அந்த வருஷம் அவர்கள் பலகாரம் சுடுவதில்லை, நட்சத்திரம் கட்டுவதில்லை. உறவினர் கொண்டுவந்து கொடுப்பார்கள்; அந்த வழக்கம் அருமையானது, காப்பாற்றுங்கள். சீலோவில் வருஷாந்தரப் பண்டிகைக்குப் போன அன்னாள், பங்கு வைத்தும் சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தாள். பண்டிகையில் அழுகிறவளுக்கு அங்கே இடம் இருந்தது. வெறித்தவள் என்று ஏலி தப்பாக நினைத்தாலும், கேட்டு விசாரித்துவிட்டு ஆசீர்வதித்து அனுப்பினார். 2004 கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிறு காலை, சுனாமியாய்க் கடல் ஏறி வந்தது. வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் வந்தவர்கள், குளச்சல், கொட்டில்பாடு என்று நம் கடற்கரை ஜனங்கள். அந்த ஊர்களில் டிசம்பர் 25-க்கும் 26-க்கும் நடுவே ஒரு ராத்திரிதான் இருக்கிறது. ஒரு நாள் குடில், மறுநாள் கல்லறை. கடலுக்குப் போன ஆண்கள் 2017-ல் ஒக்கிப் புயலில் சிக்கித் திரும்பாத ஊர்களில் அந்த வருஷக் கிறிஸ்மஸ் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குப் போய், துக்கப்படாதே, கிறிஸ்து பிறந்திருக்கிறார் என்று பிரசங்கம் பண்ணாதீர்கள். சோற்றைக் கொண்டுபோய் வைத்து, கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

பிள்ளைகள் துபாயிலும் டெக்சாஸிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். வீடியோ காலில் பேரனைப் பார்த்துவிட்டு, காலையில் மீந்த இட்லியைச் சாப்பிடுவார்கள். பஸ்காவுக்கு ஓர் ஆட்டுக்குட்டியைச் சாப்பிட உன் வீட்டில் ஆள் போதாவிட்டால் அடுத்த வீட்டாரைச் சேர்த்துக்கொள் என்று யாத்திராகமம் பன்னிரண்டில் இருக்கிறது. மீட்பின் முதல் பண்டிகைக்கே தனியாகச் சாப்பிட அனுமதி இல்லை.

கடைசியாக நம் வீட்டு அடுக்களை. எல்லாரையும் உட்காரச் சொன்னேன். இன்னும் உட்காராமல் நிற்கிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். விடிகாலை ஆராதனைக்கு முன்னால் பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கிவிட்டு, அரைத்தூக்கத்தில் கோயிலுக்கு வந்து, ஆசீர்வாதம் முடியுமுன் அடுப்பை நினைத்து ஓடுகிற பெண்கள். பண்டிகை நாளிலும் பாத்திரம் கழுவ வருகிற வேலைக்கார அம்மாள். மோசே வேலைக்காரியைத் தனியாகப் பேர் சொல்லிச் சேர்த்ததை மறுபடியும் பாருங்கள். அன்றைக்கு அந்த அம்மாளுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். ஆண்கள் பரிமாறட்டும், ஆண்கள் கழுவட்டும். உப்புக் கூடினால் கூடட்டும்.

பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்: அண்ணாச்சி, பட்டாசு வெடிக்கலாமா, கூடாதா? தம்பி, பக்கத்தில் சிவகாசியை வைத்துக்கொண்டு இதைக் கேட்கிறீர்கள். வெடியுங்கள். பத்து மணிக்குள் வெடியுங்கள், ஆஸ்பத்திரிச் சந்துப் பக்கம் வேண்டாம், புகை ஒத்துக்கொள்ளாத தாத்தா வீட்டு வாசலில் வேண்டாம். வாங்கிக் கொடுக்க ஆளில்லாத பிள்ளைகள் உங்கள் தெருவில் யார் யார் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வெடிக்கிறபோது அவர்களையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், ஊதுவத்தியை அவர்கள் கையில் கொடுங்கள். மறுநாள் காலையில் குப்பையை நீங்களே கூட்டுங்கள். கோயிலில் மணியடித்துக் கூட்டிப் பெருக்குகிறவருக்கும் அன்றைக்குப் பண்டிகை.